கீமோவுக்கு நடுவில் கிடைக்கும் அந்த ஒரு வாரம்

கேள்வி கேட்டவர் கரூரைச் சேர்ந்த 38 வயதுப் பெண். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவர். வலது மார்பில் வந்த புற்றுநோய்க் கட்டிக்கு அறுவை சிகிச்சை முடிந்து, அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்து, இப்போது 21 நாளைக்கு ஒரு முறை கீமோ போகிறது. நான்கில் இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவது ஜூலை 14. அப்புறம் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு, கடைசியில் ரேடியேஷன். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 6. கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார். மாமியார் கூடவே இருக்கிறார். 24 பக்கப் புத்தகம் ஒன்று பதினொரு பக்கம் மிச்சத்தோடு மேசையில் கிடக்கிறது. “பிள்ளைகளுக்குச் சோறு போடக்கூட எழுந்திருக்க முடியாதவள் படம் வரைய ஆசைப்படுவது சுயநலமா? வரையாமலும் இருக்க முடியவில்லை. பதிப்பாசிரியர் வேறு, இந்த அனுபவத்தையே படமாக வரையுங்கள் என்கிறார். எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பது?” இதுதான் கேள்வி.

தங்கை, நான் மருத்துவர் இல்லை. கீமோ கொடுக்கும் டே கேர் பிரிவில் 22 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்தின் அளவு, மாத்திரை போன்றவற்றை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இந்தக் கேள்வியை, கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பல பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆரி வேலை செய்பவர், பத்திரிகைக்குக் கதை எழுதுபவர், வீணை டீச்சர் என்று பலர். அவர்கள் பட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்ததால் சொல்கிறேன்.

அந்த வீணை டீச்சரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். நான்காவது கீமோவுக்கு வந்த அன்று, ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். “போன தடவை எப்படி இருந்தீங்க?” என்று கேட்டேன். “பத்து நாள் படுக்கை சிஸ்டர். அப்புறம் ஒரு வாரம் நல்லாத்தான் இருந்தேன். அந்த ஒரு வாரமும் மாவு அரைச்சு, பீரோ அடுக்கி, பசங்க யூனிஃபார்ம் தைச்சு முடிஞ்சுபோச்சு. வீணைக்குப் போட்ட உறையைக்கூட எடுக்கலை” என்றார். சொல்லும்போது அழவில்லை. ஏதோ கணக்கு ஒப்பிப்பது போலத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் ஒவ்வொருவரிடமும் அந்த நல்ல வாரத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். கிட்டத்தட்ட எல்லாரும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். படுத்திருந்த நாட்களில் வீட்டார் தங்களுக்குச் செய்ததை ஒரு கடன் மாதிரி மனதில் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். எழுந்து உட்கார முடிந்த அடுத்த நிமிடம் அந்தக் கடனை அடைக்க அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். நல்ல நாள் வட்டியும் முதலுமாகக் கரைந்துவிடுகிறது. அடுத்த கீமோ வந்துவிடுகிறது.

அதனால் உங்கள் சிக்கலை நேரமில்லாத சிக்கல் என்று நான் பார்க்கவில்லை. அந்த நல்ல வாரத்தை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்களுக்கு வீட்டார் செய்வது கடன் இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. இதை நீங்கள் முதலில் நம்ப வேண்டும். நம்புவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சரி, அந்த 21 நாளை ஒரு முறை பிரித்துப் பார்ப்போம். இப்போது உங்களுக்குப் போவது டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும். நீங்கள் ‘சிவப்பு மருந்து’ என்று எழுதியிருப்பது டாக்ஸோரூபிசின். ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வாந்தியைத் தடுக்க அன்றைக்கே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ஏற்றுவார்கள். அன்று ராத்திரி பலருக்குக் கண் மூடாது, மூளை பரபரவென்று ஓடும். சிலர் அந்த ராத்திரியில் எழுந்து மடமடவென்று வேலை செய்துவிட்டு, மறுநாள் அதற்கும் சேர்த்து விழுந்துவிடுவார்கள். தோன்றுவதையெல்லாம் ஒரு நோட்டில் கிறுக்கிவைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராவிட்டாலும் உடம்பு நீட்டிக் கிடக்கட்டும். அடுத்த தடவை டாக்டரிடம் சொல்லுங்கள், ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் அதைக் காலையிலேயே போட்டுக்கொள்ளும்படி மாற்றித் தருவார்கள்.

இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாறு நாள் வரைக்கும் குமட்டலும் அசதியும்தான். அந்த நாட்களில் வேலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஏழாம் நாளுக்கு மேல் உடம்பு கொஞ்சம் எழும்பும். ஆனால் வெள்ளை அணு அப்போதுதான் அடிமட்டத்துக்குப் போகும், பத்தாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை. ‘கவுண்ட் குறைஞ்சிருக்கு’ என்று சொல்வோமே, அதுதான். நன்றாக இருப்பது போலத் தோன்றும், உள்ளே எதிர்ப்புச் சக்தி இருக்காது. வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யும் இலகுவான வேலைக்கு இது நல்ல காலம். கூட்டத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் போகக் கூடாத காலம். பதினைந்தாம் நாளிலிருந்து அடுத்த கீமோ வரைக்கும் வருவதுதான் நான் சொன்ன நல்ல வாரம். எல்லார் உடம்பும் இதே தாளத்தில் போகாது. இரண்டு கீமோ முடித்திருக்கிறீர்கள், உங்கள் உடம்பின் தாளம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பழைய நாட்காட்டியை எடுத்து எந்தெந்த நாள் எப்படி இருந்தீர்கள் என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். மூன்றாவதும் பெரும்பாலும் அதே மாதிரிதான் போகும். அசதி மட்டும் தடவைக்குத் தடவை கொஞ்சம் கூடும், அதற்கு இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். படம் வரைவது ஒரே வேலை மாதிரி வெளியில் தெரிந்தாலும் அதற்குள் நாலைந்து வேலை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கதையைப் படித்து எந்தக் காட்சி என்று யோசிப்பது ஒன்று. தீப்பெட்டி அளவுக் கட்டம் போட்டு முதல் கோடு கிறுக்கிப் பார்ப்பது ஒன்று. முழு அளவில் பென்சில், அதன்மேல் மை, அப்புறம் வண்ணம். நடுங்காத கையும் ஓடாத மனசும் கடைசி இரண்டுக்குத்தான் வேண்டும். முதல் இரண்டையும் தலையணையில் சாய்ந்துகொண்டே செய்யலாம். எட்டாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை தீப்பெட்டிக் கட்டங்கள், நல்ல வாரத்தில் மையும் வண்ணமும் என்று வைத்துக்கொண்டால் உடம்போடு சண்டை போட வேண்டியிருக்காது. கதை எழுதும் பெண் ஒருவர் இதே போலத்தான் செய்தார். மோசமான நாட்களில் போனில் பேசிப் பதிவு செய்வார், நடுவில் அதைக் கேட்டுத் தாளில் இறக்குவார், திருத்துவதை மட்டும் நல்ல வாரத்துக்கு வைத்துக்கொள்வார்.

சட்டென்று ஒரு பெயர் நினைவுக்கு வராமல் போவது, அடுப்பில் பால் வைத்ததை மறந்துபோவது, படித்த பக்கத்தையே திரும்பப் படிப்பது எல்லாம் நடந்தால் மிரள வேண்டாம். கீமோவின்போது மூளைக்கு இந்த மந்தம் வருவது பலருக்கும் உண்டு. பெரும்பாலும் பின்னால் மெதுவாகத் தெளியும். அதுவரை எதையும் தலையில் சுமக்காதீர்கள், எழுதி ஒட்டிவிடுங்கள். மேசையை விட்டு எழும்போது, அடுத்து என்ன செய்ய இருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு எழுங்கள். பத்து நாள் கழித்துத் திரும்ப வரும்போது அந்த ஒரு வரிதான் உங்களை மறுபடி உட்கார வைக்கும்.

இன்னொன்று. கீமோவுக்கு வரும்போது உங்களுக்குப் பிடித்த வண்ணப் பெட்டியைக் கொண்டு வராதீர்கள். மருந்தோடு சேர்ந்த வாசனையும் ருசியும் குமட்டலோடு ஒட்டிக்கொள்ளும். கீமோவுக்கு முன்னால் ஆசையாகச் சாப்பிட்ட பலகாரத்தைப் பல வருடம் கழித்தும் தொட முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்ணத்தின் வாசனைக்கு அந்தக் கதி வர வேண்டாம். ட்ரிப்ஸ் ஏறும் நேரத்தில் ஒரு சாதாரணப் பென்சிலும் பள்ளிக்கூட நோட்டும் போதும்.

வீட்டுக்கு வருவோம். நல்ல வாரத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதை வாய் திறந்து கேட்க வேண்டும். ‘அவர்களாகப் புரிந்துகொள்வார்கள்’ என்று இருந்தால் நடக்காது. நீங்கள் எழுந்து நடமாடினாலே ‘சரியாகிவிட்டது’ என்றுதான் வீடு நினைக்கும். அது அவர்கள் தப்பு இல்லை, அவர்களும் பயந்துபோய் இருக்கிறார்கள். நீங்கள் அடுப்படியில் நிற்பதைப் பார்த்தால் அவர்களுக்கு ஒரு நிம்மதி. அதனால் பொதுவாக ‘எனக்கு நேரம் வேண்டும்’ என்று கேட்காமல், நாளையும் மணியையும் சொல்லிக் கேளுங்கள். “அத்தை, 28ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம், காலையில பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நான் மேசையில உட்கார்ந்துக்கிறேனுங்க. அந்த நேரத்துல யார் வந்தாலும், ஓய்வுல இருக்கேன்னு சொல்லிடுங்க.” இவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம். அதற்கு மேல் உடம்பும் தாங்காது. உங்கள் மாமியாருக்கு வயதாகிவிட்டதென்றால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் சமையலுக்கு யாரையாவது வைத்துக்கொள்வது, கீமோவுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பெரிய செலவு இல்லை. இதைக் கணவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். நோயாளியே ஆள் தேடி, சம்பளம் பேசி, சமையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

விசாரிக்க வருகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருவார்கள். அன்பில்தான் வருகிறார்கள். ஆனால் உட்கார்ந்ததும் ‘எங்க ஒன்றுவிட்ட அக்காவுக்கும் இதேதான், ஆறு மாசத்துல போயிட்டாங்க’ என்று ஆரம்பிப்பார்கள். ஒருவர் கஷாயம் சொல்வார், இன்னொருவர் ஏதோ இலைச் சாறு சொல்வார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து உங்கள் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் இப்படிப் போனால் மறுநாளும் சேர்ந்து போய்விடும். கவுண்ட் குறைந்த நாட்களில் அவர்களில் ஒருவர் இருமிக்கொண்டு வந்தாலே ஆபத்து. போன் எடுப்பதற்கும் வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதற்கும் வீட்டில் ஒரே ஒரு ஆளை நியமித்துவிடுங்கள். உங்கள் தம்பியோ நாத்தனாரோ யாராவது இருப்பார்கள். ‘டாக்டர் யாரையும் பார்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்’ என்ற ஒரு வாக்கியத்தை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நாங்களே நோயாளிகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

பிள்ளைகள். ஆறு வயதுப் பையனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஒரு தாய் என்னிடம் சொன்னது இது. தலைமுடி கொத்துக்கொத்தாக வர ஆரம்பித்த வாரம், ஐந்து வயது மகன் அவர் மடியில் உட்கார்ந்து விளையாட்டாக முடியைப் பிடித்து இழுத்திருக்கிறான். கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து அம்மா பக்கத்திலேயே வரவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் பாட்டியிடம் சொல்லியிருக்கிறான், ‘நான் இழுத்ததாலதான் அம்மா மொட்டையாயிட்டாங்க’ என்று. நீங்களும் இதற்குள் முடியை எடுத்திருப்பீர்கள். முதல் கீமோ போட்ட இரண்டு மூன்று வாரத்திலேயே கொட்ட ஆரம்பித்திருக்கும். உங்கள் மகனிடம் நாலு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: அம்மாவுக்கு வந்திருப்பதன் பெயர் புற்றுநோய். உன்னால் வரவில்லை. கட்டிப்பிடித்தாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ உனக்கு ஒட்டாது. அம்மா படுத்திருக்கும் நாளில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு இன்னார் கூட்டிப் போவார். கடைசியில் சொன்னதுதான் அவனுக்கு ரொம்ப முக்கியம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கீமோ போட்ட இரண்டு நாளைக்கு வாந்தி, சிறுநீர் பட்ட துணிகளைத் தனியாகத் துவைக்கட்டும், கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். மற்றபடி தட்டு, டம்ளர் தனியாக வைக்கத் தேவையே இல்லை. யாராவது வைத்தால் எடுத்துப் போடுங்கள்.

பன்னிரண்டு வயது மகள்தான் எனக்குக் கவலை. நம் வீடுகளில் அம்மா படுத்தால் மூத்த பெண் சத்தமில்லாமல் இன்னொரு அம்மா ஆகிவிடுவாள். தம்பிக்குத் தலை வாருவாள், சோறு வடிப்பாள், எல்லாரும் ‘எவ்வளவு பொறுப்பு’ என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டை நீங்கள் நிறுத்துங்கள். அவளுக்கு ஒரு சின்ன வேலை போதும், மீதி நேரம் அவள் விளையாட வேண்டும். அவள் வாய் விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ‘எனக்கும் வருமா?’ மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான். ஆனால் உங்களுக்கு 38 வயதிலேயே வந்திருப்பதால், பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். விடை தெரிந்தால் அவளுக்குப் பதில் சொல்ல உங்களுக்கும் தைரியம் வரும்.

பிள்ளைகளோடு சேர்ந்து வரையலாமே என்று யாராவது சொல்வார்கள். வரையுங்கள், உங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து வண்ணம் தீட்டட்டும். ஆனால் அது அவனுக்கான நேரம். அதை உங்கள் இரண்டு மணி நேரத்தில் கழிக்காதீர்கள்.

சுயநலமா என்று கேட்டீர்கள். ரேச்சல் கார்சனின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பூச்சிக்கொல்லிகளின் கேடுகளை உலகத்துக்குச் சொன்ன ‘மௌன வசந்தம்’ என்ற புத்தகத்தை எழுதியவர். 1957இல் அவருடைய அக்கா மகள் இறந்துபோக, அவளுடைய ஐந்து வயதுப் பையன் ரோஜரைத் தத்தெடுத்துக்கொண்டார். அப்போது கார்சனுக்கு ஐம்பது வயது, கல்யாணம் ஆகாதவர். கூட இருந்த தாயாரும் அடுத்த வருடம் போய்விட்டார். 1960இல் புத்தகம் பாதியில் நிற்கும்போது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை. அறுவை செய்த மருத்துவர் அவரிடம் உண்மையை முழுதாகச் சொல்லவில்லை. வருடக் கடைசியில் வேறொரு மருத்துவரிடம் போன பிறகுதான் தெரிந்தது. நம் ஊரில் இன்றைக்கும் குடும்பத்தார் வராண்டாவில் வந்து ‘அவங்ககிட்ட சொல்லிடாதீங்க’ என்று எங்களிடம் கெஞ்சுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். அப்புறம் ரேடியேஷன், முழங்கால் வீங்கி நடக்க முடியாத மாதங்கள். கண்ணில் அழற்சி வந்து வாசிக்க முடியாமல் போனபோது, உதவியாளர் அத்தியாயங்களை வாசித்துக் காட்ட, காதால் கேட்டே திருத்தினார். பள்ளிக்கூடம் போகும் பையன் வீட்டில். 1962இல் புத்தகம் வந்தது.

1964இல், 56 வயதில் அவர் இறந்துவிட்டார். இதை மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் நீங்கள் எப்படியும் தேடிப் பார்ப்பீர்கள். இன்று உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை அவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நான் அவரைச் சொன்ன காரணம் வேறு. உடம்பு இழுத்த இழுப்புக்கு வேலையின் அளவை மாற்றிக்கொண்டார். உதவியாளரை வைத்துக்கொண்டார், கண் போனால் காதை வைத்துக்கொண்டார், கெடு தள்ளிப்போனதை ஏற்றுக்கொண்டார். வேலையையும் விடவில்லை, பையனையும் விடவில்லை. அதை யாரும் சுயநலம் என்று சொல்ல மாட்டார்கள். அவர் செய்ததில் ஒன்றை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். எதிரிகள் தன் ஆராய்ச்சியைச் சந்தேகிக்கப் பயன்படுத்துவார்கள் என்று நோயை வெளியில் மறைத்தார். உங்களுக்கு அப்படி எந்த எதிரியும் இல்லை. பதிப்பகத்துக்குத் தேதி போட்டுத் தெளிவாக எழுதுங்கள்: இத்தனை பக்கம் இந்த மாதம், மீதி சிகிச்சை முடிந்த பிறகு.

உங்கள் கை. வலது அக்குளில் நெறி எடுத்திருக்கிறார்கள், நீங்கள் வலது கைக்காரர். நிணநீர் வடிவது குறைவதால் அந்தக் கை வீங்க வாய்ப்பு உண்டு. மோதிரமோ வளையலோ ரவிக்கைக் கையோ திடீரென்று இறுகினால் அதுதான் முதல் அறிகுறி, அன்றைக்கே காட்டுங்கள். வரையும்போது கை தொங்காமல் முழங்கை வரை மேசையில் படிந்திருக்கட்டும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து, சுவரில் விரல்களால் மெல்ல ஏறும் அந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்திருப்பார். பயந்துபோய்க் கையை அசைக்காமல் மடியிலேயே வைத்திருப்பதுதான் தோளை இறுக்கிவிடும். அந்தக் கையில் வெட்டுக்காயம் மட்டும் வேண்டாம். பேப்பர் வெட்டும் பிளேடு வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் ஓவியர்கள் பலருக்கு உண்டு. உங்களுக்கும் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வாய்ப்புண்ணும் குறைந்த கவுண்டும் இருக்கும்போது அது நேரே தொற்றுக்கு வழி.

இதைவிடப் பெரிய விஷயம் அடுத்து வரும் வார மருந்து. பெரும்பாலும் பாக்லிடாக்சல்தான் கொடுப்பார்கள். குமட்டல் குறைவு, படுக்கை நாள் குறைவு, அதனால் எல்லாரும் ‘இது லேசு’ என்பார்கள். ஆனால் அது விரல் நுனி நரம்புகளைத் தொடும். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்த ஆரி வேலைக்காரப் பெண் ஒருவர், ஏழாவது வாரம் ஒரு ரவிக்கைத் துணியை எடுத்து என்னிடம் காட்டினார். சந்தன நிறப் பட்டில், பாதி போட்ட மயில் கழுத்துக்குப் பக்கத்தில், கடுகளவு ரத்தப் பொட்டுகள் நாலைந்து. ஊசி குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. துணியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. மூன்று வாரமாகவே மரத்துப்போயிருந்தது, ‘சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ’ என்று பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறார். அவரை அப்போதே டாக்டரிடம் அழைத்துப் போனேன், அளவைக் குறைத்தார்கள். நீங்கள் தாமதிக்காதீர்கள். ஜாக்கெட் ஊக்கு மாட்டச் சிரமமாக இருந்தாலோ, பென்சிலின் தடிமன் விரலுக்குத் தெரியாமல் போனாலோ அந்த வாரமே சொல்லுங்கள், ‘நான் கையால் பிழைப்பவள்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ இடைவெளி விடவோ அவர்களுக்கு வழி உண்டு. பெரும்பாலானவர்களுக்கு மருந்து முடிந்து சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், மீதிப் பக்கங்களில் நுணுக்கமான கோட்டு வேலை உள்ளவற்றை நான்காவது கீமோவுக்குப் பின் வரும் நல்ல வாரத்துக்குள் மையிட்டு முடிக்கப் பாருங்கள். பட்டையான வண்ணப் பரப்புகளைப் பாக்லிடாக்சல் வாரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பென்சிலிலும் தூரிகையிலும் துணி சுற்றித் தடிமனாக்கினால் பிடிப்பு வரும். பதினொன்றும் முடியாமல் ஐந்துதான் முடிந்தாலும் ஐந்து முடிந்தது.

பதிப்பாசிரியர் கேட்டதற்கு வருகிறேன். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த வரியை எழுதிய விதத்திலேயே உங்களுக்கு இஷ்டமில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியருக்கு 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில் மார்பை அகற்றினார்கள். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். அதை அவர் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுதினார், ஆனால் எழுதி முடித்தது அடுத்த வருடம், பல மாதம் கழித்துத்தான். அதையும் திரும்பப் படித்துப் பார்க்க அவரால் முடியவில்லை. 1814இல் அவருடைய அடுத்த நாவல் வந்தது. 1840இல் இறந்தபோது வயது 87. நோயை வரைய உங்களுக்கே தோன்றும் நாள் வந்தால் வரையுங்கள். இப்போது உங்கள் மேசையில் என்ன கதை கிடக்கிறதோ, யானையோ முயலோ, அதைத்தான் நீங்கள் வரைய ஆசைப்படுகிறீர்கள். பதிப்பாசிரியரிடம் ‘இப்போது வேண்டாம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ரேடியேஷனைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்வார்கள், ஆனால் கரண்ட் எதுவும் இல்லை, வலியும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள், பதினைந்து தடவையோ இருபத்தைந்து தடவையோ. மேசையில் படுப்பது பத்து நிமிடம், போக வரவும் காத்திருக்கவும் அரை நாள். காத்திருக்கும் நேரம் தினமும் ஒரே மணிக்கு வருவதால், நோட்டு கையில் இருந்தால் நிறையப் பேருக்கு அது நல்ல வேலை நேரமாகிவிடும்.

அதெல்லாம் முடிந்த பிறகு வரும் மாதங்களுக்குத்தான் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ‘ட்ரீட்மென்ட் முடிஞ்சுபோச்சு’ என்று வீட்டில் பாயசம் வைப்பார்கள். மறுநாளிலிருந்து எல்லா வேலையும் உங்கள் தலையில் வந்து உட்காரும். ஆனால் அசதி பல மாதம் நிற்கும். படுத்துக் கிடந்தால் அது போகாது, தினமும் கொஞ்சம் நடந்தால்தான் குறையும். அந்த இரண்டு மணி நேர ஒப்பந்தத்தைச் சிகிச்சை முடியும் வரைக்கும் என்று கேட்காதீர்கள். முடிந்து ஆறு மாதம் வரைக்கும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

எந்த நாளாக இருந்தாலும், காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது என்று கணவருக்கும் மாமியாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது கீமோ ஜூலை 14 என்றால் 20ஆம் தேதி வரை படுக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். 21இலிருந்து 27 வரை கூட்டம் வேண்டாம், கட்டிலில் சாய்ந்தபடி தீப்பெட்டிக் கட்டங்கள். 28இலிருந்து ஆகஸ்ட் 3 வரை உங்கள் வாரம். நாட்காட்டியில் அந்த ஏழு நாளையும் உங்கள் மகனிடம் கொடுத்து அவனுக்குப் பிடித்த நிறத்தில் வட்டம் போடச் சொல்லுங்கள், அப்போது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நான்காவது முடிந்து கையில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.